தைலக் கொல்லையை வெட்டித் துளிர்க்க விடுவதா, நிலத்தோடு விற்பதா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தளி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை பக்கம் மானாவாரிக் கொல்லையில் தைலமரம் (யூகலிப்டஸ்) வைத்தவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை. ராகி போட்டால் கதிர் முற்றும் நேரத்தில் பன்னார்கட்டா காட்டுப் பக்கமிருந்து ஜவளகிரி வழியாக யானை இறங்கிவிடுகிறது. பிள்ளைகள் ஓசூர் கம்பெனிக்கோ பெங்களூருக்கோ போய்விட்டார்கள். நிலம் சும்மா கிடந்தால் முள் ஏறிவிடும், வரப்பு நகர்ந்துவிடும். தைலத்தை யானையும் தின்னாது, ஆடும் கடிக்காது. அதனால் வைத்துவிட்டு மறந்துவிட்டார்கள்.

மரம் வெட்டும் பருவத்துக்கு வந்ததும் வியாபாரி ஒரு பக்கம் வருகிறார், நிலத் தரகர் இன்னொரு பக்கம் வருகிறார். அப்போதுதான் என்னிடம் கேட்பார்கள்: "வெட்டிட்டு மறுபடி விடலாமா அக்கா, இல்ல நிலத்தோட குடுத்துடலாமா?"

எங்கள் குடும்பத்துக்கு நான்கு ஏக்கர் தைலமும், கிணற்றை ஒட்டி ஒரு ஏக்கர் சவுக்கும் இருக்கின்றன. பட்டா என் வீட்டுக்காரர் பெயரிலும் கொழுந்தனார் பெயரிலும் கூட்டாக உள்ளது. இந்தப் பேச்சு எங்கள் வீட்டிலும் நடந்தது, இன்னும் நடக்கிறது. அதில் எனக்குப் பிடிபட்ட முதல் விஷயம், இது ஒரு கேள்வி இல்லை, இரண்டு கேள்வி. மரத்தை இப்போது வெட்டலாமா, வெட்டினால் அப்புறம் என்ன செய்வது என்பது ஒன்று. நிலத்தை வைத்துக்கொள்வதா என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே நாளில், ஒரே ஆளிடம், ஒரே தொகையாகப் பேசினால் மரத்துக்கு உரிய பணம் கண்ணில் படாமலே போய்விடும். அதனால் மரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

முதலில் எத்தனை டன் நிற்கிறது என்று பாருங்கள்

வியாபாரி கொல்லையைச் சுற்றி வந்து, "ஏக்கருக்கு பதினஞ்சு டன் தேறும்" என்று சொல்லிவிட்டுப் போவார். அவருக்கு அனுபவம் உண்டு, கண்ணாலேயே எடை போடத் தெரியும். ஆனால் அந்த எண் அவருக்குச் சாதகமான எண்ணாக இருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நமக்கென்று ஒரு எண் இல்லாமல் அவரிடம் பேச உட்காரக் கூடாது.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். 33 அடி நீளத்துக்கு அளந்து வெட்டிய நைலான் கயிறு நான்கு, நான்கு குச்சி, தையல்காரர் வைத்திருக்கும் இஞ்சு டேப் ஒன்று, ஒரு நோட்டு. 33 அடிக்கு 33 அடி என்றால் 1,089 சதுர அடி. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அதாவது அந்தச் சதுரம் சரியாக ஏக்கரில் நாற்பதில் ஒரு பங்கு, நம் கணக்கில் இரண்டரை சென்ட். அதற்குள் என்ன இருக்கிறதோ அதை நாற்பதால் பெருக்கினால் ஏக்கர் கணக்கு வந்துவிடும்.

சதுரத்தை எங்கே அடிப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். வரப்போர வரிசையில் அடிக்காதீர்கள். ஓரத்து மரத்துக்கு வெளிச்சம் அதிகம், பக்கத்துக் கொல்லையில் போடும் உரமும் தண்ணீரும் அதற்குக் கிடைக்கும். தூண் மாதிரி நிற்கும் அந்த மரங்களைப் பார்த்துத்தான் நாம் எல்லோரும் மனசுக்குள் விலை போட்டு வைத்திருக்கிறோம். உள்ளே பத்து வரிசை தள்ளிப் போனால் பாதி மரம் மணிக்கட்டு பருமன்தான் இருக்கும். மேட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என்று மூன்று சதுரமாவது அடித்தால்தான் கணக்கு உண்மைக்குக் கிட்டத்தில் வரும்.

சதுரத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு மரத்தையும் நெஞ்சு உயரத்தில், தரையிலிருந்து நாலரை அடியில், டேப் சுற்றி அளந்து எழுதுங்கள். பட்டை உரிந்து தொங்கினால் அதைக் கையால் விலக்கிவிட்டு அளக்க வேண்டும். 8 இஞ்சுக்குக் கீழே சின்னது, 8 முதல் 12 வரை நடுத்தரம், 12க்கு மேல் பெரியது என்று மூன்று வகை பிரித்துக்கொள்ளலாம். செத்த மரத்தையும் காலி இடத்தையும் தனியாகக் குறியுங்கள். அந்த எண்ணிக்கை பின்னால் வேறொரு முடிவுக்குத் தேவைப்படும்.

அப்புறம் ஒவ்வொரு வகையிலும் இரண்டு மரத்தை வெட்டி, பட்டை உரித்து, காகித ஆலைக்கு ஆகாத நுனியைக் கழித்துவிட்டு எடை போடுங்கள். புளி நிறுக்கும் தொங்கு தராசு போதும். துண்டாக்கிப் போட்டால் ஒரு ஆள் தூக்கி மாட்டிவிடலாம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். சதுரத்துக்குள் சின்னது 5, நடுத்தரம் 9, பெரியது 5. வெட்டிப் பார்த்ததில் சின்னது 12 கிலோ, நடுத்தரம் 30 கிலோ, பெரியது 60 கிலோ. மொத்தம் 60, 270, 300, ஆக 630 கிலோ. இன்னொரு சதுரத்தில் 540, மேட்டுச் சதுரத்தில் 480. மூன்றுக்கும் சராசரி 550 கிலோ. நாற்பதால் பெருக்கினால் ஏக்கருக்கு 22 டன். இப்போது அவர் பதினைந்து என்று சொன்னால், நீங்கள் நோட்டை விரித்துக் காட்டலாம். சண்டை போடத் தேவையில்லை, நோட்டே பேசும்.

இந்த வருஷமா, அடுத்த வருஷமா

அதே சதுரத்தின் மூலைகளில் கல் நட்டு வைத்துவிட்டு, ஒரு வருஷம் கழித்து அதே மரங்களை மறுபடி அளந்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். 22 டன் 26 ஆகியிருந்தால் வருஷத்துக்குப் பதினெட்டு சதவீதம் வளர்ந்திருக்கிறது. அவ்வளவு வளரும் மரத்தை வெட்டக் கூடாது. அடுத்த வருஷம் 26 டன் 28 தான் ஆனது என்றால் வளர்ச்சி எட்டு சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. உங்கள் கையில் இருக்கும் கடனுக்கு எவ்வளவு வட்டி என்று பாருங்கள். மரம் வளரும் வேகம் அந்த வட்டிக்குக் கீழே போனால் வெட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. அதற்கு மேல் நிற்க விட்டால், அந்த இடத்தில் வரவேண்டிய அடுத்த துளிரையும் சேர்த்துத் தள்ளிப்போடுகிறோம்.

எங்கள் மண்ணில் மானாவாரித் தைலத்துக்கு ஐந்து, ஆறு வருஷம் என்று சொல்கிறார்கள். ஆனால் இரண்டு வருஷம் மழை பொய்த்தால் அந்தக் கணக்கு தப்பிவிடும். வயசைப் பார்க்காமல் டேப்பைப் பாருங்கள்.

சவுக்குக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. நேராக ஓடிய கழி சாரத்துக்கும் முட்டுக்கும் எண்ணிக்கையில் போகும், மீதி காகித ஆலைக்கு டன்னில் போகும், மிளார் விறகுக்குப் போகும். கழியாக விற்கும் பருமனைத் தாண்டி வளர்ந்துவிட்டால் சில சமயம் விலை ஏறுவதற்குப் பதிலாக இறங்கும். கட்டட வேலைக்கு எந்தப் பருமன் கழி கேட்கிறார்கள் என்று ஓசூரில் கழி வாடகைக்கு விடும் கடையில் விசாரித்துவிட்டு வெட்டுவது நல்லது.

சவுக்கில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அடித்தண்டில் பட்டை கொப்புளம் போல உப்பி, வெடித்து, உள்ளே கரிப்பொடி மாதிரி கறுப்பாக இருந்தால் அது கொப்புள நோய். விரலால் தொட்டால் பொடி ஒட்டிக்கொள்ளும். அந்த மரம் பிழைக்காது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பல இடத்தில் தெரிந்தால், வளர்ச்சிக் கணக்கை ஓரம் வைத்துவிட்டு உடனே வெட்டுங்கள். அதே இடத்தில் உடனே சவுக்கும் வைக்காதீர்கள்.

மொத்தமாகப் பேசுவதா, எடையில் கொடுப்பதா

நின்ற மரமாக மொத்தத்துக்குப் பேசினால் நமக்கு அலைச்சல் இல்லை. முன்பணம் வாங்கினால் வெட்டுவது, உரிப்பது, ஏற்றுவது, லாரி எல்லாம் அவர் பொறுப்பு. எடையில் கொடுத்தால் பணம் கூடுதல், பாடும் கூடுதல். எது சரி என்பது அந்த வித்தியாசம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது.

விலை மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் ஒரு உதாரண விலை வைத்துக்கொள்வோம். ஆலை வாசலில் பட்டை உரித்த கட்டை டன் 5,000. வெட்டுக்கூலி, பட்டை உரிக்க, ஏற்றுக்கூலி, லாரி வாடகை எல்லாம் சேர்ந்து டன்னுக்கு 1,600. கையில் நிற்பது 3,400. ஏக்கருக்கு 22 டன் என்றால் 74,800 ரூபாய். வியாபாரி மொத்தத்துக்கு 48,000 சொன்னால், அவர் உங்கள் கட்டைக்கு டன் 2,200 கூடத் தரவில்லை என்று அர்த்தம். நான்கு ஏக்கருக்கு வித்தியாசம் ஒரு லட்சத்துக்கு மேல். அந்தப் பாட்டைப் படலாம். அதே ஆள் 65,000 சொன்னால், வயசானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு மொத்தமே நிம்மதி.

எங்கள் மாவட்டத்திலிருந்து கரூர் புகளூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்துக்கும், ஈரோட்டை அடுத்த பள்ளிபாளையத்தில் உள்ள சேஷசாயி காகித ஆலைக்கும் கட்டை போகிறது. இரண்டுமே தைலமும் சவுக்கும் வாங்குகின்றன. வண்டி வாடகைதான் பெரிய செலவு என்பதால் முழு லோடு சேராமல் அனுப்பக் கூடாது. ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர்கள் பக்கத்துக் கொல்லைக்காரரோடு சேர்ந்து வெட்டினால் இரண்டு பேருக்கும் மிச்சம்.

எடையில் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஈரம். வெட்டியவுடன் தைலக் கட்டையின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். வெயிலில் நாலு நாள் கிடந்தாலே எடை இறங்க ஆரம்பித்துவிடும். எங்கள் பக்கத்துக் கொல்லையில் வெட்டிப் போட்டுவிட்டு, லாரி வரவில்லை, டிரைவர் ஊருக்குப் போய்விட்டார் என்று இழுத்தடித்து, அப்புறம்தான் எடை போட்டார்கள். மரம் அதே மரம்தான், பணம் போய்விட்டது. அதனால் பேசும்போதே தேதி பேசுங்கள்: வெட்டிய இத்தனை நாளுக்குள் ஏற்ற வேண்டும், தாமதமானால் எடைக் குறைவு வாங்குகிறவர் பொறுப்பு என்று வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். பச்சையாக இருக்கும்போதுதான் பட்டையும் நீளமாகக் கழன்று வரும், காய்ந்துவிட்டால் கட்டையைக் கவ்விக்கொள்ளும். உரிப்பவர்களுக்கும் சீக்கிரம் முடிப்பதுதான் வசதி.

எடைமேடைக்கு வண்டியோடு வீட்டு ஆள் ஒருவர் போக வேண்டும். காலி வண்டி எடை போடும்போதும் இருக்க வேண்டும், லோடு எடை போடும்போதும் இருக்க வேண்டும். இரண்டு சீட்டையும் வாங்கி நோட்டில் ஒட்டுங்கள். நான் நானே போவேன். பொம்பளை எதற்கு வருகிறாள் என்ற பார்வை இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், அது நம் வீட்டுக் கட்டை.

வெட்டிய பின்: துளிர்க்க விடுவதா, புதுசா வைப்பதா

தைலத்துக்கு இருக்கும் பெரிய வசதி, வெட்டிய கட்டையிலிருந்தே துளிர்த்து வரும். நாற்றுச் செலவு இல்லை, குழிச் செலவு இல்லை, வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருப்பதால் முதல் வருஷமே ஆள் உயரம் தாண்டிவிடும். ஆனால் அந்தத் துளிர் எப்படி இருக்கும் என்பது வெட்டும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. கொல்லையில் நின்று பார்க்க வேண்டிய நாள் அதுதான்.

அடிக்கட்டை தரையிலிருந்து நான்கு முதல் ஆறு இஞ்சுக்குள் இருக்க வேண்டும். முழங்கால் உயரத்தில் விட்டுவிட்டால் துளிர் மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும், காற்றில் பிய்ந்துவிடும். வெட்டு வழவழப்பாக, ஒரு பக்கம் சாய்வாக இருக்க வேண்டும், மழைத் தண்ணீர் தேங்காமல் வழிய வேண்டும். முக்கியமாகப் பட்டை கட்டையை விட்டுப் பிரியக் கூடாது. துளிர் வருவது பட்டைக்கு அடியில் இருக்கும் மொட்டிலிருந்து. மரம் சாயும்போது பட்டையை இழுத்துக்கொண்டு தரை வரை கிழித்துவிட்டால் அந்தப் பக்கம் துளிர் வராது. வெட்டுகிறவர்களிடம் முதல் பத்து மரத்தைக் கூட இருந்து வெட்டச் சொல்லி, கிழிந்த கட்டையைக் காட்டிச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். கழிவையும் இலையையும் கட்டை மேல் குவிக்க விடாதீர்கள். அதைக் கொளுத்தவும் விடாதீர்கள். ஒரு தீ போதும், வரிசையே வெந்துவிடும்.

சித்திரை வெயிலில் வெட்டினால் கட்டை காய்ந்துவிடும் அபாயம் உண்டு. எங்கள் பக்கம் புரட்டாசி, ஐப்பசியில்தான் நல்ல மழை. ஆனி, ஆடியில் வெட்டினால் துளிர் வரும் நேரமும் மழையும் ஒன்றாகப் பொருந்தும். கட்டைக்கு எட்டு, பத்து துளிர் கிளம்பும். அத்தனையும் விட்டால் விறகுதான் மிஞ்சும். ஆள் உயரம் தாண்டியதும், தாழ்வாக ஒட்டியிருக்கும் தடித்த துளிர் இரண்டை மட்டும் எதிரெதிராக விட்டுவிட்டு மற்றதைக் கழித்துவிட வேண்டும். கழித்ததை ஆட்டுக்குப் போட முடியாது, மூடாக்காகப் போடலாம்.

எப்போது துளிரை விட்டுவிட்டுப் புதுசா வைக்க வேண்டும்? முன்னே சொன்ன சதுரத்தில் செத்த மரத்தையும் காலி இடத்தையும் எழுதினோமே, அதை இப்போது எடுங்கள். நட்டதில் நான்கில் மூன்று பங்காவது உயிரோடு இருந்தால் துளிர்க்க விடுங்கள். அதற்குக் கீழே போய்விட்டால், காலி இடத்துக்கும் சேர்த்துத்தான் நாம் காவல் காக்கிறோம். ஒவ்வொரு வெட்டுக்கும் கொஞ்சம் கட்டை சாகும். முதல் வெட்டுக்குப் பின் இரண்டு துளிர்ப் பருவம் எடுத்தாகிவிட்டது என்றால் மூன்றாவதில் மகசூல் இறங்கிவிடும், அங்கே நிறுத்திக்கொள்வது என் பழக்கம்.

இன்னொரு காரணம் பூச்சி. 2001 வாக்கில் கர்நாடகத்தில் முதலில் கண்டு, அப்புறம் நம் பக்கமும் பரவிய ஒரு சின்னக் குளவி, தைலத்தின் இளம் இலை நரம்பிலும் காம்பிலும் முட்டையிட்டு முடிச்சு முடிச்சாக ஆக்கிவிடும். இளந்துளிரைத்தான் அது தேடி வரும். உங்கள் கொல்லையில் போன துளிரிலேயே இலை முறுக்கி முடிச்சு விழுந்திருந்தால், அதே கட்டையிலிருந்து மறுபடி துளிர் எடுப்பதில் பயன் இல்லை. பூச்சி தாங்கும் வகையாகப் பார்த்து வைக்க வேண்டும். கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் மற்றும் மர வளர்ப்பு நிறுவனம் தைலத்திலும் சவுக்கிலும் தேர்ந்த வகைகளை வெளியிட்டிருக்கிறது. காகித ஆலைகளும் நாற்று தருகின்றன. விதை நாற்றைவிட இந்த வகைகள் ஒரே சீராக வளரும். ஆனால் தண்டிலிருந்து வேர்விட வைத்த நாற்றுக்கு ஆணிவேர் கிடையாது. முதல் வருஷம் தண்ணீர் வேண்டும், காற்றடிக்கும் மேட்டில் சாயும். போர் இல்லாத மேட்டுக் கொல்லைக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

புதுசா வைப்பதில் பெரிய செலவு பழைய கட்டையைப் பிடுங்குவது. ஜேசிபி மணிக்கணக்கில் ஓடும். பழைய வரிசைக்கு நடுவில் குழி எடுத்துப் புது நாற்று வைத்துவிட்டு, பழைய கட்டையில் வரும் துளிரைத் தொடர்ந்து ஒடித்துக்கொண்டே இருந்தால் கட்டை தானாகச் சாகும். ஆனால் அதற்கு ஆள் வேண்டும். ஒடிக்காமல் விட்டால் பழைய துளிர் புது நாற்றை அமுக்கிவிடும்.

மறுபடி தைலமே வைக்க வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். கர்நாடக அரசு 2017ல் புதிதாகத் தைலம் நடுவதைத் தடை செய்தது. எல்லை தாண்டினால் ஆனேக்கல், அந்த மண்ணும் நம் மண்ணும் ஒன்றுதான். மழை குறைந்த ஊரில் தைலம் நிலத்தடி நீரை இழுப்பது கண்கூடு. எங்கள் கிணற்றை ஒட்டித் தைலம் இல்லை, சவுக்குதான் இருக்கிறது. சவுக்கின் வேரில் முடிச்சு உண்டு, காற்றிலிருக்கும் தழைச்சத்தை அது மண்ணுக்குச் சேர்க்கும். வெட்டிய பின் அந்த மண்ணில் கொள்ளோ, நிலக்கடலையோ, ராகியோ தெம்பாக வரும். தைலம் நின்ற மண்ணுக்கு அந்தத் தெம்பு கிடையாது. கட்டை பிடுங்கிய பின் ஒரு மழைக்குச் சணப்போ கொள்ளோ விதைத்து மடக்கி உழுதுவிட்டு, அப்புறம்தான் வேறு பயிரைப் பற்றிப் பேச வேண்டும். நாட்டுச் சவுக்கு துளிர்க்காது, வெட்டினால் திரும்ப நடவேண்டியதுதான். ஜுங்குனியானா வகை துளிர்க்கும் என்றாலும், கழிக்கு நேரான மரம் வேண்டுமென்றால் புது நாற்றுதான் சரி.

எங்கள் நான்கு ஏக்கரில் மேட்டு இரண்டு ஏக்கரைத் துளிர்க்க விட்டுவிட்டோம். காட்டோரம் என்பதால் அங்கே யானை தொடாத பயிர்தான் நிற்கும். கிணற்றுப் பக்கம் சாய்ந்த இரண்டு ஏக்கரில் கட்டையைப் பிடுங்கச் சொல்லிவிட்டேன். மாங்கன்றா, அங்கேயும் சவுக்கா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நிலத்தை விற்பது பற்றி

கொழுந்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சொன்னார்: "அண்ணி, ஏக்கர் பதினஞ்சு லட்சத்துக்குக் கேக்கறாங்க. பேங்க்ல போட்டாக்கூட மரத்தைவிட அதிகமா வரும். கணக்குப் போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. 15 லட்சத்துக்கு ஆறரை சதவீத வட்டி என்றால் வருஷம் 97,500. மரம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை 74,800, அதாவது வருஷத்துக்கு 15,000 கூட இல்லை. ஓசூரைச் சுற்றி இன்று நிலம் போகிற விலைக்கு எந்த மரமும் ஈடு கொடுக்காது. மரத்தை நிலத்தின் வட்டியோடு போட்டிக்கு விட்டால் மரம் தோற்கத்தான் செய்யும்.

ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. வித்தியாசம் வருஷம் 82,500 ரூபாய் சொச்சம். 15 லட்சத்தில் அது ஐந்தரை சதவீதம். நிலத்தின் விலை வருஷத்துக்கு ஐந்தரை சதவீதத்துக்கு மேல் ஏறினால், வைத்திருப்பவர்தான் ஜெயிக்கிறார். ஏறவில்லை என்றால் விற்றவர். சிப்காட்டும் புதுச் சாலைகளும் நெருங்கி வரும் சூளகிரி, பர்கூர் பக்கம் ஒரு மாதிரி, அஞ்செட்டிக் காட்டோரத்தில் வேறு மாதிரி. உங்கள் ஊரில் ஐந்து வருஷத்துக்கு முன் பதிவான கிரயத்தையும் போன வருஷம் பதிவானதையும் கேட்டு, உங்கள் விலையையும் உங்கள் சதவீதத்தையும் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். பேங்க் வட்டிக்கு வருமான வரி உண்டு, நட்டு வளர்த்த மரத்தின் வருமானம் விவசாய வருமானம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் யார் விற்கலாம்? மரம் தரும் வளர்ச்சியையும் நிலம் ஏறும் விலையையும் விட அதிக வட்டிக்குக் கடன் வைத்திருப்பவர்கள் விற்கலாம், அதுவும் கடன் அடையும் அளவுக்கு மட்டும். ஒரு ஏக்கரில் தீரும் கடனுக்கு நான்கு ஏக்கரைக் கொடுக்கக் கூடாது. வாங்குகிறவர் மொத்தமாகத்தான் வேண்டும் என்பார். உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கிவிட்டால் சின்னதாகவும் விற்க முடியும். அதேபோல் பார்க்க ஆளே இல்லாத நிலம், வாரிசுகள் எல்லோரும் வெளியூர், வழித்தகராறு, வரப்புத் தகராறு நடக்கிறது என்றால் அதையும் விற்கலாம். "இப்ப விக்கலைன்னா அப்புறம் இந்த விலை கிடைக்காது" என்று தரகர் சொல்வதைக் காரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் சொல்வதுபோல் விலை இறங்கும் என்றால், வாங்குகிறவர் ஏன் வாங்குகிறார்?

வரியில் ஒரு தூரக் கணக்கு இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. கிராமத்து விவசாய நிலத்தை விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் நகராட்சி, மாநகராட்சி எல்லையிலிருந்து நேர்கோட்டில் அளந்தால், அந்த ஊரின் மக்கள் தொகை பத்தாயிரத்துக்கு மேல் ஒரு லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர், ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டர், அதற்கு மேல் என்றால் 8 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலத்துக்கு வரி வரும். ஓசூர் 2019ல் மாநகராட்சி ஆனது. ஊர் எல்லை விரிய விரிய நம் நிலமும் உள்ளே வந்துவிடலாம். பேச்சு முடிக்கும் முன் ஆடிட்டரிடம் ஒரு நாள் உட்காருங்கள்.

காகிதம்

வெட்டுவதானாலும் விற்பதானாலும் பட்டா, சிட்டா, அடங்கல் மூன்றும் கையில் இருக்க வேண்டும். அடங்கலில் மரப்பயிர் பதிவாகியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்து, இல்லையென்றால் பதியச் சொல்லுங்கள். கூட்டுப் பட்டா என்றால் வெட்டுவதற்கு முன்பே எல்லோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அண்ணன் தம்பி நல்லாத்தான் இருப்பார்கள், லாரி வந்து நிற்கும் நாளில் பேச்சு மாறும்.

வனத்துறையிடம் கேட்காமல் வெட்டலாம் என்று தைலத்துக்கும் சவுக்குக்கும் இருக்கும் சலுகை எல்லா மரத்துக்கும் கிடையாது. வரப்பில் தேக்கு நின்றால், ஈட்டி நின்றால், வனத்துறையிடம் கேட்காமல் கைவைக்காதீர்கள். எங்கள் பக்கக் காட்டோரக் கொல்லைகளில் பறவை எச்சத்தில் விழுந்து சந்தனம் தானாக முளைத்திருக்கும். தைல வரிசைக்குள் ஒன்று நின்றாலும் வெட்டுகிற ஆள் சேர்த்துச் சாய்த்துவிடுவார், கேஸ் நம் மேல் வரும். வெட்டுக்கு முந்தின வாரம் கொல்லை முழுக்க நடந்து பார்த்து, அப்படிப்பட்ட மரத்துக்குச் சுண்ணாம்பு அடித்து வையுங்கள். அரசு மலைப்பகுதி என்று அறிவித்த கிராமங்களில் 1955ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி பட்டா நிலத்தில் வெட்டவும் அனுமதி தேவைப்படும். உங்கள் கிராமம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

எல்லாம் பார்த்து நிலத்தையும் விற்பது என்றே முடிவானால், மரத்தை முதலில் விற்று வண்டி ஏற்றிவிட்டு அப்புறம் கிரயத்துக்கு வாருங்கள். வேறு மாதிரி எழுதாதவரை நிலத்தோடு அதில் நிற்கும் மரமும் சேர்ந்தே போகும். வீட்டுமனைக்காக வாங்குகிறவர் உங்கள் மரத்துக்கு ஒரு பைசா போட மாட்டார், அவருக்கு அது அப்புறப்படுத்தும் செலவு. உடனே ஒப்பந்தம் போட வேண்டும் என்று அவர் அவசரப்பட்டால், நிற்கும் மரம் விற்பவருக்கே உரியது, இன்ன தேதி வரை வெட்டி எடுத்துக்கொள்ளலாம், லாரி போக வழி விட வேண்டும் என்று கிரய ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். அந்தத் தேதியை ஐப்பசி, கார்த்திகைக்குள் வைக்காதீர்கள். அந்த மாதங்களில் நம் செம்மண்ணில் லோடு லாரி இறங்கினால் ஏறாது. தை வரை கேட்டு வாங்குங்கள்.